அபராதம் கட்டவும் அதே போன்தான் வேண்டியிருந்தது

மதிப்பிற்குரிய முதல்வர் ஐயா அவர்களுக்கும் ஒழுங்குக் குழுப் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம். வளாகத்துக்குள் செல்போன் கூடாது என்ற சுற்றறிக்கை எங்களுக்கு எப்படி வந்தது என்று உங்களுக்கே தெரியும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில், இரவு பத்தரை மணிக்கு வந்தது. பாடக் குறிப்புகளும் இன்டர்னல் தேதியும் வருவது அதே குழுவில்தான்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை மதியம் நூலகத்தில் என்பிடெல் அசைன்மென்ட் போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் சேரச் சொன்ன, ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் கோர்ஸ்தான் அது. 12 வாரம், 12 அசைன்மென்ட், சிறந்த 8-ஐ வைத்து 25 மதிப்பெண். புதன் இரவோடு கெடு முடிகிறது என்று சொல்லிப் பார்த்தேன். "அம்மாவையோ அப்பாவையோ கூட்டிட்டு வந்து வாங்கிக்கோ" என்று போனை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

என் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். லீவு போட்டால் அன்றைக்குச் சம்பளம் கிடையாது. வியாழக்கிழமைதான் வர முடிந்தது. ஒன்பதரைக்கு ஆபீஸ் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தவரை ஒரு மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். 'என் மகள் இனி இத்தவறைச் செய்ய மாட்டாள்' என்று கிளார்க் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், அம்மா கையெழுத்துப் போட்டார். அப்புறம் அபராதம், 500 ரூபாய். அம்மா ஐந்து நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து நீட்டினார். ரொக்கம் வாங்குவதில்லை என்று சுவரில் ஒட்டியிருந்த கியூஆர் கோடைக் காட்டினார்கள். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். எங்கள் வீட்டில் ஜிபே உள்ள ஒரே போன் உங்கள் டிராயரில் இருந்தது.

கிளார்க் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு டிராயரைத் திறந்து அதை என்னிடமே கொடுத்தார். ஆன் செய்தால் சார்ஜ் 6 சதவீதம். புதுமைப் பெண் திட்டத்தில் மாதாமாதம் வரும் ஆயிரத்தில் பாதியைக் கட்டினேன். ஸ்கிரீன்ஷாட்டை ஆபீஸ் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பச் சொன்னார்கள். வளாகத்துக்குள் நின்றபடியே அனுப்பினேன். அதற்கு மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஐயா, கேட்பது இவ்வளவுதான்: நூலகத்திலும், ஆசிரியர் சம்மதித்தால் வகுப்பிலும் போனில் படிக்க விடுங்கள்.

ரீல்ஸ் பார்ப்பவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள், என் பெஞ்சிலேயே இருக்கிறார்கள். யாரையாவது தெரியாமல் படம் எடுத்தால் கடுமையாகவே நடவடிக்கை எடுங்கள், நாங்களே கூட நிற்போம். ஆனால் படிப்பவளையும் அதே டிராயரில் போட்டுப் பூட்டினால் எப்படி? லேபுக்குப் போ என்பீர்கள். அறுபது பேருக்கு ஓடுகிற கம்ப்யூட்டர் இருபத்திரண்டு, நாலு மணிக்கெல்லாம் பூட்டு. விளம்பர நோட்டீஸில் போட்டிருக்கும் 'வைஃபை வளாகம்' எங்கே இருக்கிறது என்று மூன்று வருடமாகத் தேடுகிறோம். பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் புண்ணியமாகப் போகும்.

2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு அரசே தினம் 2 ஜிபி டேட்டா கொடுத்தது. அப்போது போன்தான் வகுப்பறை. அதே 2021-இல், ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் என்ற மத்திய அரசின் ஆன்லைன் கோர்ஸ் தளம் வழியாகப் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியும் சொல்லிவிட்டது. லேப்டாப் இல்லாதவள் அதை எதில் படிப்பாள் என்பதையும் ஒழுங்குக் குழு ஒரு சுற்றறிக்கையாக அனுப்பலாம். வாட்ஸ்அப்பிலேயே அனுப்பலாம்.

கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், மன்னிக்கவும். போன அந்த அசைன்மென்டைத் திருப்பிக் கேட்கவில்லை. நூலகத்தில் போனை அனுமதியுங்கள். எங்காவது பறிமுதல் செய்தே ஆக வேண்டும் என்றால், அன்று மாலையே மாணவர் கையில் கொடுத்துவிடுங்கள். தயவுசெய்து வேலைக்குப் போகும் அம்மாக்களை அந்த பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள்.

பெயர் எழுதவில்லை. எப்படியும் கண்டுபிடித்துவிடுவீர்கள். அப்போதாவது அம்மாவைக் கூப்பிடாமல் என்னிடமே பேசுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு மாணவி