டைனோசரை நிமிர்த்திய அக்காவுக்கு

அட்டை, ஃபோம் பாய், பிவிசி குழாய் என மலிவாகக் கிடைத்ததை வைத்துச் செய்த ஆளுயர டைனோசர் உடை. அணிவகுப்பு தொடங்கும் நேரத்தில் தலையின் எடை முன்னால் இழுக்க, என் மகனால் நிமிர்ந்து நிற்கவே முடியவில்லை.

யாரும் கூப்பிடாமலேயே வந்தீர்கள். உங்கள் முதுகுப்பையைக் காலி செய்து, அதன் இடுப்புப் பட்டையோடு குழாய்ச் சட்டத்தைக் கட்டினீர்கள். பாரம் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியது. அப்புறம் வால் நுனியில் தண்ணீர் பாட்டில்களைச் செருகி, தலைக்கு எதிர் எடை கொடுத்தீர்கள். எனக்குப் பெரிதாகப் பட்டது, தாடைக்கடியில் காற்றுக்கு வழி வெட்டியதுதான். ஃபோம் உடல் சூட்டை வெளியே விடாது. உள்ளே இருப்பவனை நினைத்துப் பார்த்தவர் நீங்கள்.

மகன் கடைசி வரை நடந்தான். தேடி வந்தபோது நீங்கள் இல்லை. பை எங்களிடம் பத்திரமாக இருக்கிறது அக்கா, இதைப் பார்த்தால் ஒரு வரி எழுதுங்கள். மனமார்ந்த நன்றி.