பூநாரைப் படம் மங்குவது லென்ஸால் அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழவேற்காடு ஏரிக்கு வந்திருக்கும் பூநாரைகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையையும், அதனுடன் வந்த வாசகர் படங்களையும் பார்த்தோம். தமிழகமும் ஆந்திரமும் பங்கிட்டுக்கொள்ளும் இந்த ஏரிக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் கட்டுரையின் கடைசியில் புகைப்பட ஆர்வலர்களுக்குச் சொல்லியிருந்த இரண்டு யோசனைகளை மறுத்தே ஆக வேண்டியிருக்கிறது. தொலைவில் உள்ளதை மிக நெருக்கிக் காட்டும் 600 மி.மீ. லென்ஸ் இல்லாமல் இங்கே வந்து பயனில்லை என்பது ஒன்று. படம் தெளிவாக விழாவிட்டால் சேற்றில் இறங்கிக் கொஞ்சம் முன்னேறலாம் என்பது மற்றொன்று. முதல் யோசனை வாசகரின் பணத்தைக் கரைக்கும். இரண்டாவது பறவையின் வயிற்றில் அடிக்கும்.

படம் ஏன் மங்குகிறது என்று சரியாகப் பார்க்காததால்தான் இந்த இரண்டு யோசனைகளும் பிறக்கின்றன. சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா செல்லும் சாலை ஏரியைக் குறுக்கே வெட்டிப் போகிறது. வெயிலடிக்கும் நாளில் காலை பத்து மணிக்கு அந்தச் சாலையோரம் நின்று தொலைவில் உள்ள பூநாரையை எடுத்தால், எந்த லென்ஸாக இருந்தாலும் ஈரத்தாளில் விழுந்த மை மாதிரி விளிம்பு கலங்கித்தான் வரும். காரணம் கானல். வெயில் ஏற ஏற, காய்ந்த சேறும் உப்புப் பூத்த தரையும் தார்ச்சாலையும் காற்றைவிட வேகமாகச் சூடேறுகின்றன. தரையை ஒட்டிய காற்று சூடாகி மேலே எழும்ப, மேலே உள்ள குளிர்ந்த காற்று கீழே இறங்கும். இரண்டும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கும். பறவைக்கும் கேமராவுக்கும் நடுவே 200 மீட்டர் காற்று இப்படி அலைந்துகொண்டிருக்கும்போது பெரிய லென்ஸ் பறவையோடு சேர்த்து அந்த அலைவையும் பெரிதாக்கும். லென்ஸ் எட்டும் தூரத்தைக் கூட்டும் டெலிகன்வெர்ட்டரை மாட்டினாலும் அதே கதைதான். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் கானல் போய்விடாது. நெளிந்த கழுத்து நெளிந்தபடியே பதியும், அவ்வளவுதான்.

குறை காற்றிலா, லென்ஸிலா, கையிலா என்று கண்டுபிடிப்பது எளிது. லென்ஸைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன்னால் எல்லோரும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம். மீனவர்கள் வலை கட்ட ஊன்றியிருக்கும் கம்புகள் ஏரி நெடுகிலும் உண்டு. பறவை நிற்கும் தூரத்திலேயே ஒரு கம்பைத் தேர்ந்தெடுங்கள். கேமராவை முக்காலியில் இறுக்கி, பின்திரையில் காட்சியைக் காட்டும் லைவ் வியூவைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்யுங்கள். 1/1000 வினாடியில், ஷட்டரை விரலால் அழுத்தாமல் டைமரில், பத்துப் படம் எடுங்கள். பத்தையும் பெரிதாக்கி ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள். கம்பின் விளிம்பு ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு விதமாக வளைந்திருந்தால் அது காற்று. பத்திலும் ஒரே மாதிரி மழுங்கியிருந்தால் ஃபோகஸ் அல்லது லென்ஸ். இந்தப் பத்தும் கூர்மையாக இருந்து, பறவைப் படம் மட்டும் ஒரே திசையில் இழுத்தாற்போல் இருந்தால் கை ஆட்டம், அல்லது பறவை நகர்ந்ததற்கு ஷட்டர் வேகம் போதவில்லை. இதே சோதனையைக் காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் செய்தால் ‘சாஃப்ட்’ (கூர்மை இல்லை) என்று பழி சுமந்த பல லென்ஸ்கள் விடுதலையாகிவிடும்.

மருந்து நேரம்தான். ஜனவரியில் இங்கே ஆறரை மணியை ஒட்டிச் சூரியன் உதிக்கிறது. அதிலிருந்து எட்டு மணி வரை தரைக்கும் காற்றுக்கும் வெப்ப வேறுபாடு குறைவு. மாலையில் சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலும் காற்று மறுபடி அடங்கும். மேகம் மூடிய நாளில் நண்பகலில்கூட நல்ல படம் கிடைக்கும், மழைவாசனை அடித்தால் கிளம்பாமல் இருந்துவிடாதீர்கள். காய்ந்த சேற்றின்மேல் பார்ப்பதைவிடத் தண்ணீர்ப் பரப்பின்மேல் பார்ப்பது மேல். விடியலில் தரையோடு தரையாகப் படுத்து எடுத்தால் பின்னணி அழகாகக் கரையும். வெயில் ஏறியபின் அதே வேலையைச் செய்தால் சூடான காற்றடுக்கின் ஊடாகவே பார்ப்பீர்கள், அப்போது எழுந்து நிற்பதே நல்லது.

இந்தச் சாலை ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்காகப் போகிறது. குளிர்காலத்தில் சூரியன் கிழக்கிலிருந்து தெற்கே தள்ளி உதித்து, நாள் முழுக்கத் தென்பக்கமாகவே நகர்ந்து, தெற்கே சாய்ந்தே மறைகிறது. ஆகவே காலையானாலும் மாலையானாலும் வெளிச்சம் சரியாக விழுவது சாலைக்கு வடக்கே நிற்கும் பறவைகள்மீதுதான். காலையில் வடமேற்கு நோக்கியும் மாலையில் வடகிழக்கு நோக்கியும் எடுக்கலாம். சூளூர்பேட்டையிலிருந்து போகும்போது வடக்குப் பக்கம் காரின் இடக்கைப் பக்கம் வரும். படம் எடுப்பவர் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டால் இறங்கவே வேண்டாம்.

இறங்காமல் இருப்பது முக்கியமும்கூட. நின்றிருக்கும் காரைப் பூநாரைகள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. கதவு திறந்து ஓர் ஆள் வெளியே வந்தால் கூட்டம் முழுவதும் கவனிக்கும். ஆனால் காருக்குள்ளேயும் ஒரு கானல் உண்டு. ஏ.சி. ஓடிய காரின் கண்ணாடியை இறக்கியதும் உள்காற்றும் வெளிக்காற்றும் லென்ஸின் முன்னாலேயே கலந்து படத்தைக் கெடுக்கும், லென்ஸில் பனியும் படியும். இடத்தை அடைவதற்கு 20 நிமிடம் முன்பே ஏ.சி.யை அணைத்து எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிடுங்கள். இன்ஜினையும் நிறுத்திவிட வேண்டும். அதன் அதிர்வு ஒரு பக்கம், பானெட்டிலிருந்து எழும் சூடு மறுபக்கம். லென்ஸைத் தாங்க, பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி, இரு முனையும் தைத்து, ஒன்றரைக் கிலோ அரிசி போட்டு ஜன்னல் விளிம்பில் வைத்தால் போதும். முக்கால் பங்குக்குமேல் நிரப்பினால் உருளும். வீடு திரும்பியதும் அரிசியைக் கொட்டிவிடுங்கள், ஈரம் ஏறிய அரிசியில் வண்டு வரும்.

இனி, அந்த 600 மி.மீ. லென்ஸ். பெரிய பூநாரை நிமிர்ந்து நின்றால் சுமார் 1.3 மீட்டர் உயரம். 100 மீட்டர் தொலைவில் நிற்பதை 300 மி.மீ. லென்ஸில் எடுத்தால் படம் பதியும் சென்சாரில் அதன் பிம்பம் 3.9 மி.மீ. உயரம் விழும். பல கேமராக்களில் உள்ள சிறிய வகையான ஏ.பி.எஸ்.-சி. சென்சாரின் உயரம் 15 மி.மீ. சொச்சம். அதாவது படத்தில் கால் பங்கு. 24 மெகாபிக்சல் கேமராவில் படத்தின் உயரம் 4,000 பிக்சல், பறவை மட்டும் ஏறக்குறைய 1,000 பிக்சல். செய்தித்தாளில் ஓர் அங்குலத்துக்கு 200 பிக்சல் இருந்தால் போதும் என்பதால், அந்தப் பறவையைத் தங்கள் தாளில் ஐந்து அங்குல உயரத்துக்குத் தாராளமாக அச்சிடலாம். 55-250, 70-300 போன்ற சாதாரண லென்ஸ் வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. சிக்மா, டாம்ரான் 150-600 லென்ஸ்கள் நல்லவைதான், எடுப்பவர்கள் எடுக்கட்டும். எடை சுமார் 2 கிலோ என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பறவைகள் 400 மீட்டருக்கு அப்பால் நின்றால் எந்த லென்ஸையும் நம்பாமல், நீண்ட இளஞ்சிவப்புக் கோடாக அவை நிற்பதையும் தண்ணீரில் விழும் நிழலையும் சேர்த்து நிலக்காட்சியாக எடுப்பதே உத்தமம். அதற்குச் செல்போன்கூடப் போதும்.

ஷட்டர் வேகம் மேய்கிற பறவைக்கு 1/800, பறக்கிற பறவைக்கு 1/2000. லென்ஸின் திறப்பான அப்பர்ச்சர் எஃப்/6.3 அல்லது எஃப்/8. ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விடலாம். வெளுத்த தண்ணீரும் வெளுத்த வானமும் பின்னணியாக இருந்தால் கேமரா ஏமாந்து பறவையைச் சாம்பலாக்கும், எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தை) முக்கால் ஸ்டாப் கூட்டுங்கள். பின்னால் சீமைக்கருவேலம் புதர் இருண்டு நின்றால் அதே அளவு குறையுங்கள். சூரியன் உதித்த முதல் அரைமணி நேரத்தில் சிவப்பு மட்டும் தனியாக எரிந்து விவரம் இழந்துபோகும் என்பதால், வெளிச்ச அளவை வரைபடமாகக் காட்டும் வெள்ளை ஹிஸ்டோகிராமை நம்பாமல் மூன்று நிறங்களையும் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்க்க வேண்டும். எரிந்த சிவப்பை கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ராவ் கோப்பிலும் முழுதாக மீட்க முடியாது. நிறத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய பூநாரையின் உடல் வெளிர் ரோஜா கலந்த வெண்மை. ஆழ்ந்த சிவப்பு, இறக்கையின் மேற்பகுதியைப் போர்த்தும் இறக்கை மூடிகளில்தான், பறக்கும் இறகுகள் கறுப்பு. பாசியிலும் சிற்றிறாலிலும் உள்ள கரோட்டினாய்டு நிறமிகளால் வரும் நிறம் அது. இளம் பறவைகள் பழுப்பு கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும். தங்கள் தாளில் வந்த இரண்டு படங்களில் பறவைகள் தலை முதல் வால் வரை மிட்டாய் ரோஸ் நிறத்தில் இருந்தன. நிறச்செறிவைக் கூட்டும் சாச்சுரேஷன் பட்டியைக் கடைசி வரை இழுத்ததால் வந்த நிறம் அது, பெரிய பூநாரைக்கு அப்படி ஒரு நிறம் இல்லை.

எங்களை எழுதத் தூண்டியது முகப்பில் பெரிதாக வந்த படம். நூற்றுக்கணக்கான பூநாரைகள் ஒரே நேரத்தில் எழுந்து பறக்கும் காட்சி. கூர்ந்து பார்த்தால் எல்லாப் பறவைகளும் கேமராவிலிருந்து விலகித்தான் பறக்கின்றன. தண்ணீரில் ஓடிய கால் தடங்கள் தெறிப்பாகத் தெரிகின்றன. கழுகு துரத்தினாலும் கூட்டம் எழும் என்பது உண்மைதான், ஆனால் மனிதர் நெருங்கி எழுப்பிய கூட்டம் இப்படித்தான் இருக்கும். பூநாரை நின்ற இடத்திலிருந்து சட்டென்று எழ முடியாத பறவை, பல அடி ஓடித்தான் எழும்பும். அதற்கு முன்பே அறிகுறி காட்டும். தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருப்பவை முதலில் மேய்ச்சலை நிறுத்தும். கழுத்துகள் ஒவ்வொன்றாக நிமிரும். பிறகு எல்லாம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கும். கழுத்துகள் நிமிரும்போதே நின்றுவிட வேண்டும், நடக்கத் தொடங்கினால் பின்வாங்க வேண்டும். வலசை வந்த பறவை இங்கே தின்று சேர்க்கும் கொழுப்பில்தான் திரும்பிப் போகிறது. ஒரு நாளில் நாலு பேர் நாலு தடவை எழுப்பினால் மேய்ச்சல் நேரம் போய்விடுகிறது. ஏரியின் பெரும்பகுதி சரணாலயம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், விலங்குகளை விரட்டுவதையும் வேட்டைக்குள் அடக்குகிறது என்பதைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள்.

பறக்கும் படம் வேண்டும் என்பவர்கள் காற்று முதுகில் படும்படி காத்திருக்கலாம். பறவைகள் எதிர்காற்றில்தான் இறங்கும் என்பதால், மேய்ச்சல் இடம் மாறி வருகிறவை தாமாகவே உங்களை நோக்கி வரும். முகம் தெரியும், இறக்கையின் சிவப்பு தெரியும். துரத்தி எடுத்த படத்தில் வால் மட்டும்தான் தெரியும்.

உவர்நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேமராமீது தெறித்த உப்பைக் காய்ந்த துணியால் துடைத்தால் கோடு விழும். முதலில் ப்ளோயரால் ஊதி, பிறகு காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். முக்காலியைச் சேற்றில் ஊன்றும்போது அடிக்காலை முழுதாக நீட்டிவிட்டால் பூட்டு சேற்றுக்கு மேலே நிற்கும். திரும்பியதும் பூட்டுகளைத் திறந்து நல்ல தண்ணீரில் அலச வேண்டும். ஏரிக்காற்றில் லென்ஸ் மாற்றவே கூடாது, வெளுத்த வானத்தில் ஒவ்வொரு தூசும் புள்ளியாகத் தெரியும்.

தங்களிடம் நாங்கள் வேண்டுவது இது. வாசகர் படங்களுக்குக் கீழே எடுத்த நேரம், லென்ஸ், ஷட்டர் வேகம், பறவையிலிருந்து இருந்த தோராயத் தூரம் ஆகிய நான்கையும் அச்சிடுங்கள். படம் அனுப்புவோரிடம் திருத்தாத மூலக் கோப்பையும், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களையும் கேளுங்கள். பறவை தானாக எழுந்ததா, எழுப்பப்பட்டதா என்பது அந்த மூன்றில் தெரிந்துவிடும். எழுப்பப்பட்டதென்றால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஆரம்பாக்கம், தடா, சூளூர்பேட்டை வட்டாரத்துப் புகைப்பட ஆர்வலர்கள் சிலர்