அறிவியல் புனைகதைப் போட்டி நடத்துபவர்களுக்கு ஒரு மடல்

இதழாசிரியர்களுக்கும் நடுவர்களுக்கும் வணக்கம்.

நீங்கள் பரிசு கொடுக்கும் அறிவியல் கதைகளைத் தேடிப்பிடித்துப் படிக்கிற ஆள் நான். பாதிக் கதைகளில் கி.பி. 2300, கண்ணாடிக் கோபுரம், தமிழ்ப் பெயர் சூட்டிய ஹாலிவுட் விஞ்ஞானி. மீதியில் புஷ்பக விமானம். அப்புறம், 'நம்மாட்களுக்கு அறிவியல் கதை பிடிக்காது' என்று அலுத்துக்கொள்கிறீர்கள்.

பிடிக்காமலா சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தொடரில் ஜீனோ என்ற இயந்திர நாயை வாரா வாரம் காத்திருந்து படித்தார்கள்? அந்தத் தொடரில் குழந்தை பெற்றுக்கொள்ளக்கூட அரசாங்க அனுமதி வேண்டும். ஸ்கூட்டர் வாங்கவும் போன் இணைப்பு வாங்கவும் வருடக்கணக்கில் பதிந்து காத்திருந்த ஊரில், இதற்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

போட்டி என்றதும் 1896 நினைவுக்கு வருகிறது. கல்கத்தாவில் கூந்தல் தைலக் கம்பெனி ஒன்று கதைப் போட்டி நடத்தியது. பரிசு வாங்கியவர் இயற்பியல் விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ். கதையில் ஒருவர் கப்பலில் இலங்கைக்குப் போகிறார். நடுக்கடலில் புயல். மகள் பையில் வைத்து அனுப்பிய தைலத்தை எடுத்து ஊற்றுகிறார், கடல் அடங்குகிறது. எண்ணெய் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் என்பது இயற்பியல். அப்பாவின் பையில் மகள் தைலம் வைத்தது நம் வீட்டு வழக்கம். இரண்டும் சேர்ந்ததால் கதை நிலைத்தது. (கம்பெனிக்கும் இலவச விளம்பரம்!)

சரி, இன்றைக்கு எதை எழுதுவது? நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைக்கும் பாறையைப் பொடித்துத்தான் சந்திரயான் சோதனைகளுக்கு நிலவு மண் மாதிரி தயாரித்தார்கள். அந்த லோடை ஏற்றிப்போகும் லாரி டிரைவரை வைத்து ஒரு கதை வரக்கூடாதா? ஊட்டியில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி மலைச்சரிவில் கிடக்கிறது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ரேஷன் கடையில் ரேகை விழாமல் திரும்பும் பாட்டியிடமிருந்தே எதிர்காலத்தைத் தொடங்கலாம்.

அதனால் அடுத்த அறிவிப்பில் ஒரு விதி சேருங்கள்: கதையில் வரும் கருவிக்கு யார் காசு கொடுக்கிறார்கள், அது பழுதானால் யார் வரிசையில் நிற்கிறார்கள் என்பது கதைக்குள்ளேயே தெரிய வேண்டும். இந்த ஒன்றிலேயே கண்ணாடிக் கோபுரங்களில் பாதி சரியும்.

நடுவர் குழுவில் ஒரு இயற்பியல் ஆசிரியரையும் உட்கார வையுங்கள். புராணத்தில் எல்லாம் இருந்தது என்று முடியும் கதைகளை அவர் பார்த்துக்கொள்வார். அப்புறம், பெயரை மறைத்துவிட்டுப் படியுங்கள். வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் 1974இல் மராத்தி விஞ்ஞான பரிஷத்தின் போட்டிக்குப் புனைபெயரில்தான் கதை அனுப்பினார், பரிசும் வாங்கினார். நம் போட்டிகளில் தெரிந்த பெயர்களே திரும்பத் திரும்ப வருவது எனக்கு மட்டும் உறுத்துகிறதா?

அன்புடன்,
உங்கள் வாசகன்