ஸான்ட்வோர்ட்டில் கைகட்டி நின்றவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த கார் பந்தய விபத்துகள் பற்றிய கட்டுரையில், பிரிட்டிஷ் பந்தய வீரர் ரோஜர் வில்லியம்சன் இறந்த சம்பவத்தைச் சொல்லும்போது, மார்ஷல்கள் (தடத்தோரம் நின்று பாதுகாப்பைக் கவனிக்கும் பணியாளர்கள்) கைகட்டி வேடிக்கை பார்த்தார்கள், மற்ற வீரர்கள் கண்டும் காணாமல் பறந்தார்கள் என்று எழுதியிருந்தது. அன்று வேலியோரம் நின்ற இளைஞர்களுக்கும், தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் நடந்ததை வரிசையாக வைத்துப் பார்த்தால் பழி போய்ச் சேர வேண்டிய இடம் வேறு.

1973 ஜூலை 29. நெதர்லாந்தில் மணல்மேடுகளுக்கு நடுவே வளைந்து செல்லும் ஸான்ட்வோர்ட் தடம். வில்லியம்சனுக்கு வயது 25, ஃபார்முலா 1-இல் அது இரண்டாவது பந்தயம். எட்டாவது சுற்றில் அவருடைய ‘மார்ச் 731’ ரகக் கார் தடுப்பில் மோதித் தலைகுப்புறக் கவிழ்ந்தது. டயர் போயிருக்கலாம் என்பதே பொதுவான கருத்து. கவிழ்ந்த கார் தரையில் உரசிக்கொண்டே நெடுந்தூரம் போனது, அந்த உரசலிலேயே பெட்ரோல் தீப்பிடித்தது. மோதலில் அவருக்குப் பெரிய காயம் இல்லை. இதைக் கட்டுரை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாமே இதிலிருந்துதான் தொடங்குகிறது.

அக்காலக் கார்களில் ஓட்டுநரின் இரு பக்கமும் மெல்லிய அலுமினியப் பெட்டிகள் இருக்கும். அவற்றுக்குள் ரப்பர் பைகளில் பெட்ரோல். 72 சுற்றுப் பந்தயத்தில் எட்டாவது சுற்று என்றால் பெரும்பகுதி பெட்ரோல் அப்படியே இருக்கும். கார் கவிழ்ந்துவிட்டால் ஓட்டுநர் உட்காரும் குழியின் வாய் தரையோடு மூடிக்கொள்ளும். பெல்ட்டைக் கழற்றினாலும் வெளியே வர வழி கிடையாது. ஆகவே முதல் வேலை காரை நிமிர்த்துவதுதான். விதிப்படி காரின் குறைந்தபட்ச எடையே 575 கிலோ, பெட்ரோலின் கனம் அதோடு கூடுதல். சக வீரர் டேவிட் பர்லி தன் காரை ஓரம் நிறுத்திவிட்டுத் தடத்தின் குறுக்கே ஓடிவந்து, அதைத் தனி ஆளாகப் புரட்டப் பார்த்தார். உள்ளேயிருந்து வில்லியம்சன் கத்தியது கேட்டது என்று பிறகு சொன்னார். நாலைந்து பேர் ஒரே பக்கம் பிடித்துத் தூக்கினால் புரளும், ஒருவரால் முடியவே முடியாது.

அந்த நாலைந்து பேர், அதாவது மார்ஷல்கள், அங்கேயே நின்றார்கள். அவர்கள் ஏன் நெருங்கவில்லை? அவர்கள் போட்டிருந்தது தீ தாங்கும் உடை அல்ல. பெட்ரோல் தீயின் அனல் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நிற்பவரின் தோலையே பொசுக்கும். பர்லியால் கைவைக்க முடிந்ததற்கு அவருடைய துணிச்சல் ஒரு காரணம், உடம்பில் இருந்த பந்தய உடையும் தலைக்கவசமும் இன்னொரு காரணம். இன்றைய உயர்தர உடைகூட நேரடித் தீயில் பத்துப் பன்னிரண்டு நொடிதான் காக்கும் என்றால், சாதாரணத் துணியோடு நின்றவர்களைக் கோழைகள் என்பது நியாயமா?

தீயணைப்பானைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. பர்லி அதை வாங்கி அடித்துப் பார்த்தார், போதவில்லை. கையில் தூக்கும் தீயணைப்பான் சில நொடிகளில் காலியாகிவிடும். பவுடர் வகையாக இருந்தால் சுவாலையை அடக்குமே தவிர, உலோகத்தின் சூட்டைத் தணிக்காது. பவுடர் நின்றதும் பெட்ரோல் ஆவி சூடான பாகத்தில் பட்டுத் திரும்பவும் பற்றிக்கொள்ளும். முதலில் பவுடர், உடனே அதன் மேல் நுரை, அதே நேரத்தில் வேறு சிலர் காரைப் புரட்டுவது என்று மூன்றும் சேர்ந்து நடந்தால்தான் உள்ளே இருப்பவர் பிழைப்பார். அங்கே தீயணைப்பு வண்டி வந்து சேரச் சுமார் 8 நிமிடம் ஆயிற்று. வில்லியம்சன் தீக்காயத்தால் அல்ல, மூச்சுத் திணறி இறந்தார்.

ஏன் 8 நிமிடம்? பந்தயத்தை நிறுத்தவில்லை. எச்சரிக்கையாக ஓட்டச் சொல்லும் மஞ்சள் கொடி மட்டும் ஆட்டினார்கள். கார்கள் பாய்ந்து வரும் தடத்தில் எதிர்த்திசையில் தீயணைப்பு வண்டியை விட முடியாது. அன்று ஒரு சுற்றுக்குச் சுமார் 80 நொடி. அப்படியென்றால் மற்ற வீரர்கள் அந்தத் தீயை ஐந்தாறு முறை கடந்து போயிருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் பட்டது எரியும் காரும், பக்கத்தில் தலைக்கவசத்தோடு நிற்கும் ஒரு வீரரும். காரை ஓட்டியவர் தப்பி வெளியே வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்கள். கட்டுப்பாட்டு அறையும் அப்படியே நினைத்தது. பந்தயத்தை நிறுத்தும் சிவப்புக் கொடி காட்டும் அதிகாரம் அந்த அறைக்குத்தான் இருந்தது.

பார்வையாளர்களில் சிலர் உதவிக்கு ஓட வேலியைத் தாண்ட முயன்றார்கள். காவலர்கள் நாய்களை வைத்து அவர்களைத் தடுத்தார்கள். இதுவும் கொடுமையாகத்தான் பேசப்படுகிறது. ஆனால் கார்கள் ஓடிக்கொண்டிருக்கும் தடத்துக்குள் கூட்டத்தை விட்டால் இன்னும் பல உயிர் போயிருக்கும். சிவப்புக் கொடி விழுந்திருந்தால் தீயணைப்பு வண்டி நேராக வந்திருக்கும், மற்ற வீரர்கள் தீ தாங்கும் உடையோடு இறங்கி ஓடியிருப்பார்கள், காரைப் புரட்ட ஆள் கிடைத்திருக்கும்.

2020 நவம்பரில் பஹ்ரைன் ஃபார்முலா 1 பந்தயத்தில் வீரர் ரோமைன் குரோஷான், மோதித் தீப்பிடித்த காரிலிருந்து அரை நிமிடத்துக்குள் வெளியே வந்ததையும் கட்டுரை "அதிசயம்" என்கிறது. முதல் சுற்றில் கார்களின் பின்னாலேயே வரும் மருத்துவக் கார் சில நொடிகளில் அங்கே நின்றது. மருத்துவர் தீ தாங்கும் உடையில் இருந்தார். தீயணைப்பானோடு ஓடிவந்த மார்ஷலுக்கு எங்கே அடிக்க வேண்டும் என்று காட்டினார். தலையைக் காத்தது ஓட்டுநரின் தலையைச் சுற்றிக் காரில் பொருத்தப்படும், டைட்டானியத்தால் ஆன ஹேலோ வளையம். உடனே சிவப்புக் கொடியும் விழுந்தது.

பர்லிக்கு, வீரச்செயலுக்கான பிரிட்டிஷ் விருதான ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார்கள். அதற்கு அவர் முழுத் தகுதியுள்ளவர். ஸான்ட்வோர்ட் படத்தை மறுபடி வெளியிட நேர்ந்தால், அதில் நிற்கும் மார்ஷல்கள் போட்டிருப்பது தீ தாங்கும் உடை அல்ல என்று கீழே ஒரு வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்.