பித்தப்பை புராணம்

மல்லி,

மூன்று மாதமாக ஏன் எழுதவில்லை என்று நீ திட்ட ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறேன். இனிமேல் 'பித்து' என்று என்னைக் கூப்பிட உனக்கு உரிமை கிடையாது.

வலி வந்தது ராத்திரி ஒரு மணிக்கு. வீட்டை விட்டுக் கிளம்பியது இரண்டரைக்கு. நடுவில் என்ன செய்தேன் தெரியுமா? சோபாவில் சுருண்டு கிடந்து, ஃபோன் வெளிச்சத்தில் இன்சூரன்ஸ் கார்டின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்! எந்த ஆஸ்பத்திரி நெட்வொர்க்கில், அதாவது இன்சூரன்ஸ்காரன் ஒப்பந்தம் போட்ட பட்டியலில் இருக்கிறது, டிடக்டிபிளில், அதாவது இன்சூரன்ஸ் கொடுக்க ஆரம்பிக்கும் முன் நாம் கைக்காசில் கட்ட வேண்டியதில், இன்னும் எவ்வளவு பாக்கி என்று. இவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனார், நான்தான் தடுத்தேன். அவசரத்துக்குப் போனவர்கள் தலையில் எதிர்பாராத பில்லைக் கட்டக் கூடாது என்று இங்கே அமெரிக்காவில் 2022இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ்கூட அதில் அடக்கம், ரோட்டில் ஓடும் ஆம்புலன்ஸ்தான் அதில் சேராது. உயிர் போகிற வலியிலும் அது ஞாபகம் இருந்தது, பார்.

ஆபரேஷனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. போன ஒரு மணி நேரத்தில் ஸ்கேன், மறுநாளே ஆபரேஷன். அப்புறம்தான் கடிதங்கள். முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து வந்த கணக்கு விவரத்தில் கொட்டை எழுத்தில் 'இது பில் அல்ல' என்று போட்டிருந்தது. ஆஸ்பத்திரி, சர்ஜன், மயக்க மருந்து கொடுத்தவர் என்று நிஜ பில்கள் பின்னாலேயே ஒவ்வொன்றாக வந்தன.

செல்வியிடம் புலம்பினேன். அவள் இங்கிலாந்தில் இடுப்பு ஆபரேஷனுக்கு பதினோரு மாதமாகக் காத்திருக்கிறாள். 18 வாரத்துக்குள் சிகிச்சை என்பது அங்கே இலக்காம்! ஆனாலும் அவள் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அன்று ஒருத்தரும் கார்டு கேட்கவில்லை, ஒரு பைசா பில் வரவில்லை. மாற்றிக்கொள்ள வருகிறாயா என்றால் 'போடி' என்கிறாள். ஜெர்மனியில் நம் கணக்குப்பிள்ளை வழக்கம்போல சம்பளச் சீட்டைப் பார்த்து அழுகிறான். மருத்துவ இன்சூரன்ஸுக்கு சம்பளத்தில் 14.6 சதவீதம், அதற்கு மேல் ஒரு கூடுதல் தொகை. பாதியை முதலாளி கட்டுகிறார் என்பதைச் சொல்லவே மாட்டான். ஆஸ்பத்திரியில் படுத்தால் அவன் கட்டுவது நாளுக்கு 10 யூரோ, அதுவும் வருஷத்தில் 28 நாளுக்குத்தான்.

ஜப்பானில் நீ மருத்துவ பில்லில் 30 சதவீதம் கட்டுகிறாய் என்று முன்பெல்லாம் உன்னைப் பார்த்துப் பரிதாபப்படுவேன். ஆனால் எதில் 30 என்பது உனக்குத் தெரிகிறதே! நாடு முழுக்க ஒரே கட்டணப் பட்டியல், மாதச் செலவுக்கு வருமானத்தைப் பார்த்து ஓர் உச்சவரம்பு. ராத்திரி ஒரு மணிக்கு நீ கணக்குப் போட வேண்டியதில்லை.

இன்னொன்று, யாரிடமும் சொல்லாதே. இவர் கம்பெனியில் ஆட்களைக் குறைக்கப் போகிறார்களாம். இரண்டாம் உலகப் போரில் சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு வந்தபோது, ஆளைப் பிடிக்கக் கம்பெனிகள் இன்சூரன்ஸ் கொடுத்த பழக்கம் இன்றும் தொடர்கிறது. வேலை போனால் கார்டும் போகும். பதினெட்டு மாதம் வரை அதையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் முதலாளி கட்டிய பங்கையும் நாமே கட்ட வேண்டும். இவருக்கு ரத்த அழுத்தம், எனக்குத் தையல் இன்னும் இழுக்கிறது. இவர் தூங்கிவிடுகிறார், நான்தான் விழித்திருக்கிறேன்.

சரி, உன் மாமியாரின் கண் ஆபரேஷன் பில்லை ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பு. கொஞ்சம் பொறாமைப்பட்டுக்கொள்கிறேன்.

உன்,
பித்து (பை இல்லாமல்)