15-ஆம் நாள் பணம் கட்டியவர் யார் வழியாக வந்தவர்?

பில்லிங் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் பார்ட்னர் குழுவினருக்கு,

வணக்கம். என் லிங்க் வழியாக வந்து உங்கள் சாஃப்ட்வேரை வாங்குகிறவர்களுக்கு எனக்குக் கமிஷன் என்பதுதான் நம் ஏற்பாடு. அது வராததால் சப்போர்ட்டில் டிக்கெட் (புகார்) போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. எதற்கும் ஒரே பதில்தான்: கிளிக் பதிவாகியிருக்கிறது, விற்பனை பதிவாகவில்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

பொள்ளாச்சி ஹார்டுவேர் கடைக்காரர் விஷயம் உங்களுக்கு நினைவிருக்கும். அவர் மகளின் ஐபோனில் என் லிங்க்கைத் திறந்து அதிலேயே டிரையல் கணக்குத் தொடங்கினோம். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் கடையில் உட்கார்ந்து பிவிசி பைப், எல்போ, ஆணி, தாழ்ப்பாள் என்று ஐநூறு சொச்சம் ஐட்டங்களை ஜிஎஸ்டிக்கான எச்எஸ்என் கோடு சகிதம் ஏற்றிக் கொடுத்தவன் நான். 14 நாள் டிரையல் முடிந்த மறுநாள் உங்கள் சேல்ஸ் ஆள் அவருக்குப் போன் செய்தார், வாட்ஸ்அப்பில் பேமென்ட் லிங்க் அனுப்பினார், இவரும் தன் போனிலிருந்தே ஒரு வருடத்துக்குக் கட்டிவிட்டார். என் டாஷ்போர்டில் கிளிக் 1, சைன்அப் 1, விற்பனை 0.

"கட்டிட்டனுங்க தம்பி, உங்களுக்கு ஏதாச்சும் வந்துச்சுங்களா?" என்று அவரே கூப்பிட்டுக் கேட்டார். இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

குக்கி, அதாவது யார் லிங்க் வழியாக வந்தார் என்று பிரவுசரில் எழுதி வைக்கும் குறிப்பு, காலாவதி என்கிறீர்கள். ஆகாமல் என்ன செய்யும்? வலைப்பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் எழுதுகிற குக்கியை ஐபோனின் சஃபாரி பிரவுசர் 2019 முதலே 7 நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை, உங்கள் டிரையலோ 14 நாள். சரி, குக்கி உயிரோடு இருந்தாலும் அது மகளின் போனில் அல்லவா இருந்திருக்கும்?

நான் கேட்பது ஒன்றுதான். சைன்அப் ஆகும்போதே கிளிக் ஐடியை (என் லிங்க்கின் ஒவ்வொரு கிளிக்குக்கும் உள்ள அடையாள எண்) அந்தக் கணக்கோடு சேர்த்து உங்கள் சர்வரில் எழுதி வையுங்கள். பிறகு அவர் எந்தப் போனில், யார் அனுப்பிய லிங்க்கில் கட்டினாலும் சர்வரே விற்பனை நடந்த தகவலை (போஸ்ட்பேக்) அனுப்பிவிடும். டிரையல், டெமோ, பணம், ரீஃபண்ட் என ஒவ்வொரு படியும் தேதியோடு எங்களுக்குத் தெரியட்டும். ரீஃபண்ட் ஆனால் கமிஷனைக் கழித்துக்கொள்ளுங்கள், அதை இப்போதும் தவறாமல் செய்கிறீர்கள். கழிக்கும்போது மட்டும் யார் என் வழியாக வந்தார் என்று அவ்வளவு துல்லியமாகத் தெரிந்துவிடுகிறது!

கிளிக் செய்தபின் எவ்வளவு நேரத்துக்குள் வாங்கினால் கமிஷன் என்பதில் அமேசான் தருவது 24 மணி நேரம்தான், ஆனால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நீங்கள் 60 நாள் என்று கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். இதில் கடைசியாகக் கிளிக் ஆன லிங்க்காரருக்குத்தான் கமிஷன் என்பதால், பணம் கட்டுகிற நேரத்தில் குறுக்கே வந்து நிற்கிற கூப்பன் தளங்களுக்கு யோகம். ஒரு ஐட்டமாவது ஏற்றிக் கொடுத்திருப்பார்களா அவர்கள்?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கிளிக் ஐடியைக் கணக்கோடு சேர்த்துச் சேமியுங்கள், அவ்வளவுதான். பொள்ளாச்சிக் கணக்கின் சைன்அப் தேதியைக் கடைசி டிக்கெட்டில் கொடுத்திருக்கிறேன், தயவுசெய்து ஒரு தடவை பாருங்கள்.

அவருடைய தம்பி உடுமலையில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார், அவருக்கும் டிரையல் வேண்டுமாம். உங்கள் பதில் வரட்டும் என்று லிங்க்கை இன்னும் அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பார்ட்னர்களில் ஒருவன்