செமி-டி வாங்குமுன் வாடகையை விசாரியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செம்பனை வெட்டிய நிலங்களில் புதுத் தாமான்கள் (குடியிருப்புப் பகுதிகள்) எழும்போதெல்லாம் 'குடியிருக்கலாம், முதலீடும் ஆகும்' என்று சொல்லித்தான் விற்கிறார்கள். இரண்டுக்கும் கணக்கு வேறு.

600,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) விலையுள்ள செமி-டி, அதாவது ஒரு பக்கச் சுவரைப் பக்கத்து வீட்டோடு பகிரும் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வங்கி 90 விழுக்காடு கொடுத்தாலும் முன்பணம் 60,000. பெயர் மாற்ற முத்திரை வரி முதல் 100,000க்கு 1 விழுக்காடு, அடுத்த 400,000க்கு 2, மீதிக்கு 3 என்று 12,000 வரும். கடன் ஒப்பந்தத்துக்கு அரை விழுக்காடு, அதாவது 2,700. வழக்கறிஞர் கட்டணத்தையும் வீடு கட்டி விற்கும் மேம்பாட்டாளர் ஏற்காவிட்டால், சாவி வாங்குவதற்குள் 90,000 கரைந்துவிடும். கிரில், அடுக்களை அலமாரி எல்லாம் அதற்குப் பிறகு. முதல் வீட்டுக்கு முத்திரை வரி விலக்கு உண்டே என்பார்கள். அது 500,000 வரையிலான வீட்டுக்குத்தான். ஒரு வெள்ளி கூடினாலும் இல்லை.

மீதி 540,000ஐ 4 விழுக்காட்டு வட்டியில் 35 ஆண்டுக்குக் கட்டினால் மாதம் ஏறக்குறைய 2,390. முதல் தவணையில் 1,800 வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது 590தான். சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் அதே வீட்டுக்கு 1,300 வாடகை வருகிறது, ஒரு மாதம்கூடக் காலியாக இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 15,600, விலையில் 2.6 விழுக்காடு. மாதாமாதம் 1,090 கைப்பணம் போட வேண்டும். நிலவரி, மதிப்பீட்டு வரி, பழுதுபார்ப்பு வேறு. ஊழியர் சேமநிதி 2024க்குக் கொடுத்த லாப ஈவு 6.3 விழுக்காடு. அந்தப் பணத்தை உருவித்தான் பலர் இந்த 2.6க்கு முன்பணம் கட்டுகிறார்கள்!

விலை ஏறாதா? ஏறலாம். ஆனால் நம் ஊரில் 700,000 கொடுத்து வாங்கும் வசதி உள்ளவர் ஈப்போவில் வீடு பார்ப்பார். அவசரத்துக்கு விற்றால் லாபத்தில் முதல் 3 ஆண்டுக்குள் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15 சொத்து லாப வரி. ஆறாம் ஆண்டிலிருந்துதான் குடிமக்களுக்கு இல்லை. குடியிருப்பு வீடு ஒன்றுக்கு வாழ்நாளில் ஒரு முறை விலக்கு கேட்கலாம்.

அப்பாவின் சம்பளம் போதாமல் மகன் பெயரையும் சேர்ப்பது நம்மிடையே சகஜம். பட்டாவில் பங்கு ஏறிய அன்றே அவனுடைய முதல் வீட்டுச் சலுகை போயிற்று. இந்தக் கடனும் அவன் கணக்கில் ஒன்றாகச் சேரும்; மூன்றாவது வீட்டுக் கடன் என்று வரும்போது வங்கி 70 விழுக்காட்டுக்கு மேல் கொடுக்காது. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் பையன் கையெழுத்துப் போடுமுன் இதை அவனுக்குச் சொல்லிவிடுங்கள்.

நிலப்பட்டாவை நில அலுவலகத்தில் தேடிப் பாருங்கள். 99 ஆண்டுக் குத்தகையா, பெயர் மாற்றுவதற்கு மாநில அரசின் ஒப்புதல் தேவையா என்பது அதில் இருக்கும். ஒப்புதல் தேவையென்றால் விற்பனை மாதக்கணக்கில் இழுக்கும்.

குடியிருக்கத்தான் வாங்குகிறீர்கள், தவணையும் சம்பளத்துக்குள் அடங்குகிறது என்றால் தாராளமாக வாங்கலாம்; ஆனால் மாதிரி வீட்டின் குளிர்சாதனத்தில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். அதே மேம்பாட்டாளர் முன்பு கட்டிய தாமானுக்கு இரவு எட்டு மணிக்குப் போய், விளக்கு எரியும் வீடுகளை எண்ணுங்கள். அடைமழை பெய்த மாலையில் கால்வாயைப் பாருங்கள். தோட்டத்துப் பள்ளங்களை மண் கொட்டி நிரப்பிய இடத்தில் முதலில் இறங்குவது கார் நிறுத்தும் தளமும் அடுக்களைப் பின்புறமும்தான். பூச்சில் மயிரிழைக் கீறல் இருந்தால் பயமில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, ஐம்பது காசு நாணயம் நுழையும் அளவு விரிந்த வெடிப்பு வேறு விஷயம்.

சாவி வாங்கியதிலிருந்து 24 மாதம் குறைபாட்டுப் பொறுப்புக் காலம்; அதற்குள் தெரியும் கட்டுமானக் குறை மேம்பாட்டாளரின் பொறுப்பு. தொலைபேசியில் சொன்னால் கணக்கில் சேராது. படத்துடன் கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். எழுத்து மூலம் கொடுத்த 30 நாளில் மேம்பாட்டாளர் சரிசெய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்